கீஸரும் ஃப்ளட்கேட்டும்

"இந்த வாரம் எப்படியும் கீஸர் போட்டுடணும்" என்றேன். மனைவி பாத்ரூமை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கறது நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இன்னொண்ணு?" என்றாள். மறுநாள் நான் ஃபோனில், "ஃப்ளட்கேட்டையும் போட்டுத் திறந்துவிட்டாத்தான் உள்ளே வர முடியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது, வந்திருந்த சித்தப்பா காதில் விழுந்து தொலைத்தது. சித்தப்பாவுக்கு வீடு கோட்டூர்புரத்தில், கிரவுண்ட் ஃப்ளோர். 2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட ராத்திரி, அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் ஹாலுக்கு மிதந்து வந்ததை இன்றைக்கும் மணி நிமிஷத்தோடு சொல்வார். கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஏரிடா?" என்றார்.

ஏரியும் இல்லை, வெந்நீரும் இல்லை. இரண்டுமே மைன்கிராஃப்ட் என்கிற கேமின் சர்வரில் போடுகிற ஆட்-ஆன்கள். இந்தத் துறையில் பேர் வைப்பவர்கள் எல்லாரும் பிளம்பர் பரம்பரையோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். சர்வரில் கூடுதல் வசதி சேர்ப்பதற்கு முதலில் பிரபலமானது புக்கிட். பக்கெட்டைத்தான் வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள். அதிலிருந்து வந்தது ஸ்பிகாட், அதாவது குழாய். பல சர்வர்களை ஒன்றாக இணைக்க வாட்டர்ஃபால் என்று ஒன்று இருந்தது. கீஸர் என்றால் வெந்நீர் ஊற்று. ஃப்ளட்கேட் என்றால் மதகு. மெட்ரோ வாட்டர் லாரி ஒன்றுதான் பாக்கி.

மைன்கிராஃப்ட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மார்கஸ் பெர்சன் என்ற ஸ்வீடன்காரர் 2009-ல் வெளியிட்டது. உலகமே கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் ஒரு மீட்டர். வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம், ராத்திரியானால் வரும் பிசாசுகளிடமிருந்து தப்பித்து ஓடலாம். 2014-ல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியையே வாங்கியது. 2023-ல் 30 கோடி பிரதி விற்றுவிட்டது என்று அறிவித்தார்கள். செங்கல் அடுக்குகிற வேலைக்கு இவ்வளவு காசா என்று சிவில் இன்ஜினீயர்கள் வயிறெரியலாம்.

எங்கள் தெரு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலிருந்து பிரிகிறது. ஃப்ளாட்டில் நாலு பையன்கள், தி.நகரிலிருந்து என் அக்கா பெண், அடையாறில் அவளுடைய சிநேகிதி. இந்தக் கோஷ்டி போன லீவில் ஒரு முடிவெடுத்தது. கபாலி கோயிலையும் தெப்பக்குளத்தையும் நாலு மாட வீதிகளையும் அப்படியே மைன்கிராஃப்டில் கட்டுவது. கோபுரம் 120 அடி, அதாவது 37 கட்டம். உயரத்துக்குப் பிரச்னையில்லை, 2021-க்குப் பிறகு இந்த உலகத்தில் 320 கட்டம் வரை கட்டலாம். எல்லாரும் ஒரே உலகத்தில் சேர்ந்து வேலை செய்ய சர்வர் வேண்டும். ஆபீஸில் கழித்துக் கட்டிய ஒரு டெஸ்க்டாப்பை நான் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 8 ஜிபி ராம் வாங்கிச் செருகியதும் அது சர்வராகப் பதவி உயர்வு பெற்றது. (எனக்குத்தான் இன்னும் வரவில்லை.)

கட்டட வேலை ஆரம்பித்த இரண்டாவது நாள், தெருமுனை இஸ்திரிக்காரர் பையன் துணிமூட்டையோடு வந்தான். எட்டாவது படிக்கிறான். மூட்டையை வைத்துவிட்டுப் போகாமல், மூணாம் மாடிப் பையனின் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், குளத்துக்கு மேற்குப் பக்கம் படி இப்படி வராது" என்றான்.

"உனக்கு இது தெரியுமாடா?"

"நானும் ஆடுவேன் சார். அப்பா ஃபோன்ல."

அரைப் பரீட்சை மார்க்குக்குப் பரிசாக அவன் அப்பா காசு கொடுத்து வாங்கித் தந்ததாம். திருட்டுக் காப்பி இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னான். மூணாம் மாடி (பி.இ. இரண்டாம் வருஷம்) திரும்பிப் பார்க்காமலே, "உன்னுது வேற கேம்டா, இதுல வர முடியாது" என்றான்.

அவன் சொன்னது அகம்பாவம் மாதிரி கேட்டாலும் டெக்னிக்கலாகச் சரி. பேர் ஒன்று, படம் ஒன்று. ஆனால் உள்ளே இருப்பது இரண்டு கேம். பெர்சன் எழுதியது ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில். 2011-ல் ஃபோனுக்கு என்று தனியாக சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதினார்கள். 2017-ல் ஃபோன், எக்ஸ்பாக்ஸ், விண்டோஸ் 10 எல்லாவற்றையும் ஒன்றாக்கி, அதைத்தான் பெட்ராக் எடிஷன் என்கிறார்கள். பழைய ஜாவா எடிஷன் தனியாகவே நின்றுவிட்டது. ஜாவாக்காரன் பெட்ராக் சர்வருக்குள் போக முடியாது, பெட்ராக்காரன் ஜாவாவுக்குள் வர முடியாது. அமெரிக்க விலையில் ஃபோன் பதிப்பு 7 டாலர், கம்ப்யூட்டர் பதிப்பு 30 டாலர். லேப்டாப் விலை தனி. நம் ஊரில் இது எங்கே போய் நிற்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. லேப்டாப் இருக்கிறவன் ஒரு உலகத்திலும் ஃபோன் மட்டும் இருக்கிறவன் இன்னொரு உலகத்திலும் இருக்கிறான். இரண்டுக்கும் முதலாளி ஒரே கம்பெனி.

இந்த இடத்தில்தான் கீஸர் வருகிறது. கம்பெனி செய்யாததைச் சில ஆர்வக்காரர்கள் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு துபாஷி. துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரன் என்று அர்த்தம், வெள்ளைக்காரன் காலத்து மதராஸில் கொழுத்த உத்தியோகம். ஃபோன்காரனிடம் கீஸர் தன்னைப் பெட்ராக் சர்வர் என்று சொல்லிக்கொள்ளும். ஜாவா சர்வரிடம் திரும்பி, நானும் ஒரு ஜாவா ஆட்டக்காரன் என்று சொல்லும். பையன் ஃபோனில் ஒரு கல்லைத் தட்டினால், அந்தச் செய்தியை ஜாவா பாஷையில் மாற்றி உள்ளே அனுப்பும். பதிலைப் பெட்ராக் பாஷையில் வெளியே கொடுக்கும். இது ஒரு விநாடிக்குள் பல தடவை நடக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்பதே யாருக்கும் தெரியாது.

கீஸர் மட்டும் போதாது. ஜாவா சர்வர் உள்ளே வருகிறவனிடம் ஜாவா டிக்கெட் கேட்கும். பையனிடம் இருப்பது ஃபோன் டிக்கெட். மூணாம் மாடிக்கு இதற்கு ஒரு குறுக்கு வழி தெரிந்திருந்தது. "அங்கிள், செட்டிங்ஸ்ல ஆன்லைன்-மோட் ஃபால்ஸ்னு போட்டா எவன் வேணா வரலாம்." வரலாம்தான். எவன் வேண்டுமானாலும், எவன் பேரைச் சொல்லிக்கொண்டும் வரலாம். நான் அசோகச் சக்கரவர்த்தி என்று ஒருத்தன் வந்து நின்றாலும் சர்வர் நம்பிவிடும். உன் பேரைச் சொல்லிக்கொண்டு எவனாவது வந்து கோபுரத்தை டைனமைட் வைத்துத் தகர்த்தால் என்ன செய்வாய் என்று கேட்டதும் சும்மா இருந்தான்.

அதற்குத்தான் கீஸரின் கூடப் பிறந்த ஃப்ளட்கேட். ஃபோன்காரன் ஏற்கெனவே ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருப்பான். அது நிஜக் கணக்குதானா என்று கீஸர் பார்க்கும். 'சரி பார்த்தாயிற்று, இவரை விடலாம்' என்ற சீட்டை ஒரு ரகசியச் சாவியால் பூட்டி அனுப்பும். ஃப்ளட்கேட் அதைத் திறந்து பார்த்து, ஜாவா டிக்கெட் கேட்காமல் உள்ளே விடும். மற்றவர்களுக்குப் பழைய சோதனை அப்படியே இருக்கும். சாவி, 'கீ டாட் பெம்' என்ற சின்ன ஃபைல். கீஸரும் ஃப்ளட்கேட்டும் ஒரே சர்வரில் இருந்தால் ஒன்றை ஒன்று தானாகக் கண்டுகொள்ளும். வேறு வேறு மெஷினில் இருந்தால் சாவியைக் காப்பி எடுத்து கீஸர் ஃபோல்டரில் வைக்க வேண்டும். அதை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். சாவி கிடைத்தவன் எந்த ஃபோன்காரன் பேரிலும் சீட்டு தயார் செய்யலாம்.

போடுவது சுலபம். பேப்பர் என்ற சர்வர் புரோக்ராம், அதில் ப்ளக்-இன்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் இரண்டு ஃபைலையும் போட்டு சர்வரை நிறுத்தி ஓட்டினால் முடிந்தது. ஐந்து நிமிஷம்தான். உள்ளே விட வேண்டியவர்கள் பட்டியலில் பையன் பேரைச் சேர்க்க ஃப்ளட்கேட்டுக்கே தனிக் கட்டளை இருக்கிறது.

ஐந்து நிமிஷ வேலைக்கு அப்புறம் நாலு நாள் ஆனது. ஜாவா ஆட்டம் 25565 என்ற வாசலில், டிசிபி முறையில் வரும். ஃபோன் ஆட்டம் 19132-ல், யுடிபி முறையில் வரும். டிசிபி என்பது பழைய ரிஜிஸ்தர் தபால் மாதிரி (2025-ல் ஸ்பீடு போஸ்ட்டில் கரைத்துவிட்டார்களே, அதேதான்). கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நகரும். யுடிபி, காலையில் பேப்பர் போடுகிற பையன். சைக்கிளை நிறுத்தாமல் இரண்டாம் மாடி பால்கனிக்கு வீசிவிட்டுப் போவான். விழுந்ததா என்று பார்க்க மாட்டான், ஆனால் வேகம். மூணாம் மாடி ரூட்டரில் 19132-ஐயும் டிசிபி என்றே திறந்து வைத்துவிட்டு, "ஓப்பன் பண்ணிட்டேனே அங்கிள், கீஸர்தான் டுபாக்கூர்" என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தான்.

அதைச் சரி செய்ததும், வீட்டு வைஃபையில் பையன் ஃபோன் ஜோராக உள்ளே வந்தது. அவன் வீடு கச்சேரி ரோட்டுக்குப் பின்னால். அங்கே போய் மொபைல் டேட்டாவில் முயற்சி செய்தால் வரவில்லை. தி.நகரும் அடையாறும் அதே புகார். ரூட்டரில் எங்கள் வெளி முகவரியைப் பார்த்தேன். 100.64 என்று ஆரம்பித்தது. இன்டர்நெட்டில் பழைய முறை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். நம் ஆசியப் பங்கு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் பல கம்பெனிகள் ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான வீடுகளைக் குடியமர்த்துகின்றன. பெரிய ஃப்ளாட்டுக்கு ஒரே கதவிலக்கம், கேட்டில் ஒரே ஒரு வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் வெளியே போகலாம், போன இடத்திலிருந்து பதில் வரும். முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து 'மைன்கிராஃப்ட் வீடு எது?' என்று கேட்டால் வாட்ச்மேனுக்குத் தெரியாது. 100.64 முதல் 100.127 வரை இதற்கென்றே ஒதுக்கின நம்பர்கள். உங்கள் ரூட்டரில் இதைப் பார்த்தால், எத்தனை வாசல் திறந்தாலும் பயனில்லை.

பிராட்பேண்ட் கம்பெனிக்கு (பேர் வேண்டாம்) ஃபோன் போட்டேன்.

"சார், ஸ்பீடு வருதா?"

"ஸ்பீடு வருது. எனக்குத் தனி பப்ளிக் ஐபி வேணும்."

"ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

நாலாவது ஃபோனில் விஷயம் தெரிந்த ஒரு பெண் அகப்பட்டார். மாதம் தனிக் கட்டணம், அடுத்த நாள் கொடுத்துவிட்டார்கள். அது கட்டுப்படியாகாதவர்கள் சர்வரை வாடகைக்கு எடுக்கலாம். சிங்கப்பூர் என்றால் தூரம் என்று பயப்பட வேண்டாம். 2002-லிருந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலடிக் கேபிள் நேராகவே இருக்கிறது, சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் வெளிச்சம் போய் வர ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்குதான். பனகல் பார்க் சிக்னலைத் தாண்டுவதற்குள் ஆயிரம் தடவை போய்விட்டு வந்துவிடும். சுரங்கம் மாதிரி வழி போட்டுத் தரும் இலவச சர்வீஸ்களும் உண்டு. எடுக்கும்போது யுடிபி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல சர்வீஸ்களில் டிசிபி மட்டும்தான், ஃபோன்காரர்கள் வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.

கடைசியாக, மைக்ரோசாஃப்ட் பையனை நிறுத்தியது. சின்ன வயசுக் கணக்கு என்றால், பெற்றோர் கணக்கு ஒன்று ஆரம்பித்து, மற்றவர்களோடு சேர்ந்து ஆடலாம் என்று தனியாக அனுமதி தர வேண்டும். நியாயமான விதிதான். நானும் அவனும் தெருமுனைக்குப் போனோம். தூங்குமூஞ்சி மரத்தடியில் அவன் அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார். அனுமதி என்ற இடத்துக்கு மேலே விரல் நின்றது.

"சார், இது ரம்மி மாதிரி எதுனா வந்துடுமா? எங்க பக்கத்துல ஒரு பையன் அதுல விட்டு ரொம்பக் கஷ்டப்பட்டுட்டான்."

பணம் கட்டி ஆடுவதற்கு 2025-ல் டெல்லியில் சட்டம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள், இதில் பந்தயமே கிடையாது, இந்த சர்வரில் கடையும் கிடையாது, நாங்கள் ஏழு பேர்தான் இருக்கிறோம், பேர் எழுதி வைத்தவர்களைத் தவிர யாரும் வர முடியாது என்று சொன்னேன். "பத்து மணிக்கு மேல?" என்றார். சர்வரை நான் பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன் என்றதும் அழுத்தினார். பத்து மணி என்பது அதுவரை எங்கள் திட்டத்தில் இல்லை. மூணாம் மாடி இன்னும் அதற்காக என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இப்படியாக ஃப்ளட்கேட் திறந்தது. பையன் உள்ளே வந்தான். தலைக்கு மேல் அவன் பேர் தெரிந்தது. பேருக்கு முன்னால் ஒரு புள்ளி.

ஃப்ளட்கேட் வழியாக வருகிற எல்லார் பேருக்கும் முன்னால் அந்தப் புள்ளி விழும். காரணம் இருக்கிறது. ஜாவாவில் பேருக்குப் புள்ளி வைக்க முடியாது. அதனால் ஒரே பேரில் ஜாவாக்காரன் ஒருத்தன், ஃபோன்காரன் ஒருத்தன் வந்தாலும் குழப்பம் வராது. செட்டிங்கில் எடுத்துவிடலாம், ஆனால் பேர் மோதும் ஆபத்து உண்டு. ஜாவா கணக்கு வாங்கி இதோடு இணைத்துவிட்டால் புள்ளி போய்விடும், அதற்கு 30 டாலர். காரணம் எல்லாம் சரி. பதினைந்தே நிமிஷத்தில் பசங்கள் அவனைப் "புள்ளி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு என்னவோ போல இருந்தது. எடுத்துவிடட்டுமா என்று அவனைத் தனியாகக் கேட்டேன். "இருக்கட்டும் சார், ஸ்கூல்லயும் இனிஷியல் சொல்லித்தான் கூப்புடுவாங்க" என்றான். அவன் நிஜமாகவே லட்சியம் செய்யவில்லையா, எனக்காகச் சொன்னானா, தெரியவில்லை. எடுக்கவில்லை. என் ஃபோனில் ஒரு பெட்ராக் வாங்கிப் போட்டுக்கொண்டு நானும் புள்ளியோடு உள்ளே போனேன். இப்போது இரண்டு புள்ளி இருப்பதால் பையன்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது. என்னைப் பெரிய புள்ளி என்கிறார்கள். ஆபீஸில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

துபாஷி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்ல முடியாது. ஜாவாவில் 2016-லிருந்து ஒரு தடவை கத்தியை வீசினால் கொஞ்சம் பொறுத்துத்தான் முழு பலத்தோடு வீசலாம். ஃபோனில் அப்படி இல்லை, தட்டிக்கொண்டே இருக்கலாம். பையன் பழக்கதோஷத்தில் படபடவென்று தட்டுவான், பிசாசுக்குக் கொசுக்கடி மாதிரி இருக்கும். ஃபோன் கேம் தானாக அப்டேட் ஆகிவிட்டால், கீஸரும் அப்டேட் ஆகிற வரை உள்ளே விடாது. ஓரிரு நாளில் சரியாகும். மூங்கில்தான் விசித்திரம். ஒரு கட்டத்துக்குள் மூங்கில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் இரண்டு கேமுக்கும் அபிப்பிராய பேதம். பையன் கண்ணுக்கு வழி இருக்கும், சர்வர் மூங்கில் இருக்கிறது என்று பின்னால் இழுத்து விடும். இதற்கும் அதே கோஷ்டி ஒரு ஆட்-ஆன் செய்து வைத்திருக்கிறது, பேர் ஹரிகேன். 2016-ல் வர்தாவையும் 2023-ல் மிக்ஜாமையும் பார்த்த ஊரில் இதை எந்த முகத்தோடு சித்தப்பாவிடம் சொல்வது? தெப்பக்குளத்தைச் சுற்றி மூங்கில் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

அவன் வந்த பிறகு வேலையின் தினுசே மாறிவிட்டது. எங்களிடம் இருந்தது மேலேயிருந்து எடுத்த சாட்டிலைட் படம். அவனுக்குத் தினமும் துணிமூட்டையோடு நடந்த தெரு. எந்த வீட்டு வாசலில் எத்தனை படி, எந்தச் சந்து முட்டுச் சந்து, எந்தப் பூக்கடைக்குப் பின்னால் குழாய் இருக்கிறது என்று ஆறு அங்குல ஸ்க்ரீனில் ஒரு கட்டை விரலால் கட்டிக்கொண்டே போகிறான். நடுநடுவே அப்பாவின் ஃபோன், "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அறிவிக்கும். உடனே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவான்.

போன ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் புதுசாக ஒன்று முளைத்திருந்தது. பலகை, நாலு மூலையில் சக்கரம் மாதிரி ஏதோ, மேலே ஒரு அடுப்பு, பக்கத்தில் பச்சையாக ஒரு மரம். "இது பிளான்லயே இல்லையே" என்றான் மூணாம் மாடி. "நிஜத்துல இருக்கே" என்றான் பையன். அக்கா பெண் தி.நகரிலிருந்து, "அது இருக்கட்டும், உன் பார்க்கிங் ஷெட்தான் பிளான்ல இல்லை" என்றாள். வண்டி நின்றது.

சாயங்காலம் பையன் அதை அப்பாவிடம் காட்டினான். அடுப்பில் கரி போட்டால் நெருப்பு நிஜமாகவே எரிகிறது. அவர் ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கரி எவ்ளோ நேரம்டா நிக்கும்?"

"எண்பது செகண்டுப்பா."

"கட்டுப்படியாகாது" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கையில் எடுத்தார்.